இரும்பாண்டிக்குப் பின்னால ஒரு ஸ்விட்ச்

வாங்க தம்பி, பாத்து, தலை தட்டும், நிலை குட்டை. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நீங்க வாங்க வந்த வீடியோ கேம் மிஷினு எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல டீயக் குடிங்க, பொறவு பாக்கலாம். பையை உங்க மடியிலயே வச்சிக்கிடுங்க. இது சைக்கிள் ஸ்டாண்டு, நூறு பேரு வந்து போற இடம். பொறவு அதைக் காணும் இதைக் காணும்னு என்னைச் சொல்லக் கூடாது.

பேரு என்னன்னு சொன்னீங்க? கிளாட்வின். ஊரு கோயம்புத்தூர். சரி. கோயம்புத்தூர்ல கிளாட்வின்னு பேரு வைக்கக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன்.

தப்பா எடுத்துக்கிடாதீங்க. நான் எதையும் ரெண்டு தடவ கேக்கிற ஆளு. என் பொண்டாட்டி வடிவு சொல்லுவா, தாலி கட்டும்போதே பொண்ணு இவதானான்னு ரெண்டு தடவ எட்டிப் பாத்த மனுஷன்னு. சொல்லிட்டுப் போறா. பாக்கதுல என்ன குத்தம்? இப்ப உங்களையே எடுத்துக்கிடுவோம். பழைய சாமான் வாங்க வாரவன் போன்ல முதல்ல என்ன சொல்லுவான்? 'அது என்னத்துக்கு ஆகும் அண்ணாச்சி, துருப் புடிச்சிருக்கும்'னு மட்டம் தட்டுவான். நீங்க என்ன கேட்டீங்க? 'மிஷினு பத்திரமா இருக்கா'ன்னு கேட்டீங்க. விலையைப் பத்தி மூச்சு விடல. அன்னைக்கே எனக்கு நெருடிட்டு. யாருக்காக வாங்குதீங்கன்னு கேட்டா கஸ்டமருங்கீங்க. கஸ்டமரு பேரு சொல்லக் கூடாதாம். ம். சொல்லாண்டாம். வெளிய நிக்கிற டெம்போ டிரைவர் உங்க ஆளா, வாடகை ஆளா? சரி சரி, குடிங்க, ஆறிடும்.

டீயக் குடிச்சிட்டீங்கன்னா எந்திரிச்சு மிஷினுக்குப் பின்னால போய்ப் பாருங்க. தொடாதீங்க, பாக்க மட்டும் செய்யுங்க. அந்தப் பலகையில நாலு மூலையிலயும் அரக்கு இருக்கா? நான் வச்ச சீலு. போஸ்டாபீஸ்ல பார்சலுக்கு வைப்பாங்கள்லா, அதே அரக்குதான். நானே உருக்கி ஊத்தி, இந்த மோதிரத்தால அமுக்குனேன். அன்னையில இருந்து ஒருத்தனும் அதைத் தொறக்கல. நானும் தொறக்கல. உள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கு. அது வெளிய வரும்போது சம்பந்தமே இல்லாத ஒரு மூணாம் மனுஷன் பக்கத்துல நிக்கணும். அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். விக்கிறதெல்லாம் பொறவு.

என்ன ஸ்விட்சுன்னா கேக்கீங்க? அதைச் சொல்லணும்னா இஞ்ஞாசியைப் பத்திச் சொல்லணும்.

இஞ்ஞாசி என் கூட்டாளி. கூட்டாளின்னா கடைக்கும் கூட்டாளி, அதுக்கு முன்னால இருந்தே கூட்டாளி. அவன் வீட்டு மீன் குழம்பு என் வீட்டுக்கு வரும், எங்க வீட்டுப் பொங்கல் அவன் வீட்டுக்குப் போகும். ஹார்பர்ல, கப்பலுக்குச் சாமான் ஏத்துத ஒருத்தர்கிட்ட வேலை பாத்தான். எனக்கு அப்ப வேலை ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் சேந்து இதே தூத்துக்குடியில, மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்துல வீடியோ கேம்ஸ் கடை போட்டோம். டிவில சொருகி விளையாடுத சின்ன செட்டுங்க நாலஞ்சு இருந்திச்சு. காரு ஓட்டுதது, பறவை சுடுதது. பயலுக வருவானுக, போவானுக.

இந்த மிஷினு வந்த பொறவுதான் கடை கடையாச்சு. இது கப்பல்ல மாலுமிங்க பொழுது போக்க வச்சிருந்தது. கப்பல்காரன் வேண்டாம்னு கழிச்சதை இஞ்ஞாசி கேட்டு வாங்கி, மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டாந்தான். பீரோ உசரம் இருக்கா, வாசல்ல நுழையல. கதவைக் கழட்டித்தான் உள்ள ஏத்துனோம். கரண்டைப் போட்டா ஸ்கிரீன் பூரா ஜப்பான் எழுத்து. இந்த ஊர்ல அதை யாருக்குப் படிக்கத் தெரியும்? என்ன செய்யணும், எப்படிச் செய்யணும்னு எதுவும் தெரியாது. அமுக்கி அமுக்கிப் பாத்து நாங்களா கண்டுபிடிச்சதுதான்.

கதை இதான். கடலோரமா ஒரு ஊரு. கிரேன் எல்லாம் நிக்கும், நம்ம ஹார்பர் மாதிரியே. கடலுக்குள்ள இருந்து ராட்சச ஜந்துங்க வரும். ஒரு வவ்வாலு, ஒரு மரவட்டை, ரெண்டு தலை உள்ள ஒரு மீனு. ஊரைப் பேத்து எறியும். நீங்க ஒரு நண்டு, மாடிக் கட்டடம் உசரத்துக்கு. அந்த ஜந்துகளை அடிச்சு ஊரைக் காப்பாத்தணும். அது வரைக்கும் ஒண்ணும் பிரச்சினை இல்ல. மூணாவது கட்டத்துல இரும்பாண்டி வருவான்.

இரும்பாண்டிங்கது இஞ்ஞாசி வச்ச பேரு. அது ஒரு ரோபோ. கிரேனுக்குப் பின்னால இருந்து எந்திரிக்கும். ஸ்கிரீனுக்குள்ள அடங்காது. காலு தெரியும், இடுப்பு தெரியும், நெஞ்சு தெரியும், அதுக்கு மேல மூஞ்சி ஸ்கிரீனைத் தாண்டிப் போயிடும். அது எனக்கு முதல் நாளே பிடிக்கல. மூஞ்சியைக் காட்டாதவனை எப்படி நம்புறது? ஊரைக் காப்பாத்த அந்த ஊர்க்காரன் செஞ்ச ரோபோதான் அது, தறிகெட்டுப் போயிட்டு. ஜந்தையும் அடிக்கும், கட்டடத்தையும் இடிக்கும், நம்ம நண்டையும் ஒத்தக் கையில தூக்கிக் கடல்ல எறியும். அதோட டோக்கன் போச்சு. ஒருத்தனும் அந்தக் கட்டத்தைத் தாண்டல. பயலுக கண்ணீர் விடாத குறை.

ஒரு நாள் விளையாடிட்டு இருந்த ஒரு பய கண்ணுல தூசி விழுந்திட்டு. ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணைக் கசக்குனான். அந்த நேரம் பாத்து இரும்பாண்டி வந்தான். வந்தவன் அடிக்கல. நண்டுக்குப் பக்கத்துல வந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்னு, எதுக்க வார ஜந்தை எல்லாம் அடிக்க ஆரம்பிச்சிட்டான். இஞ்ஞாசி அதைப் பாத்துட்டான். 'எலே, கையை எடுத்தா அவன் நம்ம ஆளுலே' அப்படின்னான்.

கேக்க லேசா இருக்கும். ஆனா அம்மாம்பெரிய உருவம் கிட்ட வரும்போது எவனுக்குக் கை சும்மா இருக்கும்? விரலு தானா போய் பட்டனை அமுக்கிடும். ஒரு தடவ அமுக்கிட்டா போதும், தூக்கி எறிஞ்சிடுவான். அதனால இஞ்ஞாசி ஒரு பழக்கம் கொண்டாந்தான். இரும்பாண்டி வந்தா ரெண்டு கையையும் தலைல வச்சிக்கிடணும். விளையாடுதவன் மட்டும் இல்ல, சுத்தி நிக்கிறவனும் வைக்கணும். விளையாடுதவனுக்குப் பயம் தெரியக் கூடாதாம், துணைக்காம். அது கடையில சட்டமாவே ஆயிட்டு. ரோட்டுல போறவன் எட்டிப் பாத்தா, போலீஸ் வளைச்சுப் பிடிச்ச மாதிரி அம்புட்டுப் பயலும் தலைல கையை வச்சிட்டு நிப்பானுக. மீன் வாங்க வந்த ஒரு அம்மா பயந்து போய் கூடையோட ஓடியிருக்கு.

நான் வைக்க மாட்டேன். எதுக்கு வைக்கணும் சொல்லுங்க. ஒருத்தன் நம்மள நோக்கி வாரான். எதுக்கு வாரான்னு தெரியல. மூஞ்சியும் தெரியல. நாம கையைத் தலைல வச்சிட்டு வா ராசான்னு நிக்கணுமா? நான் அவன் காலு தெரிஞ்ச உடனே அடிக்க ஆரம்பிச்சிடுவேன். ஓங்கி ஓங்கி அடிப்பேன். மிஷினே ஆடும். என்ன செஞ்சாலும் என்னைத் தூக்கிக் கடல்ல எறிவான். பத்து வயசுப் பயலுகளுக்கு எல்லாம் முதுகைக் காட்டி நின்னு காவல் காக்கான், எனக்கு மட்டும் இப்படி. கடைக்காரன் நான். என் மிஷினு. அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்திச்சு.

நீங்களே யோசிங்க. இஞ்ஞாசி எங்க உக்காருவான்? மிஷினுக்குப் பின்னால ஒரு முக்காலி போட்டு உக்காருவான். எதுக்குன்னு கேட்டா பிளக் லூஸாம். காலால செவுத்தோட அழுத்திப் பிடிக்காட்டா கரண்டு விட்டு விட்டு வருமாம், விளையாட்டு பாதியில நின்னா பயலுக அழுவானுகளாம். கதையைக் கேட்டீங்களா? நாள் பூரா ஒருத்தன் காலால பிளக்கைப் பிடிச்சிட்டு உக்காருவானா? அப்ப அந்தக் காலு எங்க இருந்திச்சு? ஸ்விட்ச்ல இருந்திச்சு. பயலுக கையைத் தலைல வைக்கிறது என்னது? அது அவனுக்குச் சிக்னலு. பயலுக தலைல கையை வச்ச உடனே இவன் காலால ஒரு அமுக்கு அமுக்குவான், இரும்பாண்டி நல்லவனாயிடுவான். நான் விளையாடும்போது அமுக்க மாட்டான். எப்படி?

நானும் சும்மா சொல்லல. சோதிச்சுப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை அவன் மாதா கோயிலுக்குப் போவான்லா, அந்த நேரம் கதவைப் பாதி சாத்திட்டு நான் மட்டும் விளையாடுனேன். பின்னால ஆளே இல்ல. இரும்பாண்டி வந்தான், நான் அடிச்சேன், தூக்கி எறிஞ்சிட்டான். பாத்தீங்களா? அவன் இல்லாட்டா ரோபோ உதவி செய்யாது. கையா? நான் கையை எடுக்கல. நான் ஏன் எடுக்கணும்? சோதனை ஸ்விட்சைப் பத்தித்தானே, கையைப் பத்தியா?

பொறவு இன்னொரு ஞாயித்துக்கிழமை பயலுக நாலு பேரை உள்ள விட்டேன். இஞ்ஞாசி இல்ல. பயலுக கையைத் தலைல வச்சானுக. இரும்பாண்டி பக்கத்துல வந்து நின்னுட்டான். நான் போய்ப் பின்னால எட்டிப் பாத்தேன், முக்காலிதான் கெடந்திச்சு. பொறவுதான் புரிஞ்சிது. கோயிலுக்குப் போகும்போது ஸ்விட்சை ஆன்லயே விட்டுட்டுப் போயிருக்கான். அம்புட்டு மூளை அவனுக்கு.

எதுக்குச் செய்யணும்னு கேக்கீங்களா? அதையும் நான் யோசிச்சிட்டேன். பயலுக அவனை 'இஞ்ஞாசி மாமா'ம்பானுக. என்னை 'கடைக்காரரு'ம்பானுக. நானும் அங்கதான் நிக்கேன், நானும் தான் டோக்கன் கொடுக்கேன். மாமா மாமான்னு அவன் முக்காலியைச் சுத்தித்தான் நிப்பானுக. எனக்கு வயிறு எரியும். எரியாதுன்னு பொய் சொல்லல. கடையை மெல்ல மெல்ல அவன் பக்கம் இழுக்கான்னு எனக்குத் தோணிட்டு.

ஊர்ல திருவிழா வந்திச்சு. இஞ்ஞாசிதான் சொன்னான், போட்டி ஒண்ணு வைப்போம், நல்லா விளையாடுத பயலுக்கு ஒரு சைக்கிள் கொடுப்போம்னு. சந்து முழுக்கக் கூட்டம். முதல் ஆட்டத்தைக் கடைக்காரர் ஆடித் தொடங்கி வைப்பார்னு அவனே எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மாலை ஒண்ணு வேற போட்டான். எனக்கு அப்பவே உள்ளுக்குள்ள மணி அடிச்சிது. எல்லார் முன்னாலயும் என்னைக் கடல்ல எறியப் போறான்.

ஆடுனேன். வவ்வாலை அடிச்சேன், மரவட்டையை அடிச்சேன். கை தட்டுனானுக. மூணாவது கட்டம். கிரேனு ஆடிச்சு, இரும்பாண்டி காலு தெரிஞ்சிது. கூட்டம் பூரா தலைல கையை வச்சிட்டு. பலூன் விக்க வந்தவன் கூட வச்சிட்டான். பின்னால இருந்து இஞ்ஞாசி மெதுவா, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி சொல்லுதான். 'அய்யாக்குட்டி, ஒரே ஒரு தடவ கையை எடுடே. நான் இருக்கேம்லா.'

நான் இருக்கேம்லா. அந்த வார்த்தைதான் தம்பி. ஸ்விட்ச்ல காலை வச்சிட்டு இருக்கிறவன் தானே அப்படிச் சொல்லுவான்? நான் கையை எடுக்கல. அடிச்சேன். எறிஞ்சிட்டான். பயலுக சிரிச்சானுக.

நான் மாலையைக் கழட்டிப் போட்டுட்டு, மிஷினு பிளக்கைப் பிடுங்கிட்டேன். லூஸா இருக்குன்னானே, லேசாத்தான் வந்திச்சு. ஊர் முன்னால கேட்டேன். 'நீ என் முதுகுக்குப் பின்னால உக்காந்து ஸ்விட்ச் போடுத, கள்ளப் பயலே'ன்னு கேட்டேன். இஞ்ஞாசி என்னையே பாத்தான். சட்டைப் பையில இருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து என் கையில வச்சான். 'தொறந்து பாரு'ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் தொறக்கல. ஏன்னா அதுலயும் ஒரு சூது இருக்கு. நான் தொறந்து ஸ்விட்சை எடுத்தா, நான்தான் வச்சேன்னு சொல்லிட மாட்டானா? கடை பிரியும்போது மத்த செட்டு எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ, மிஷினு மட்டும் எனக்குன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டான். சண்டையே போடல. சண்டை போடாதவனை நான் எப்படி நம்ப முடியும்? அன்னைக்குச் சாயங்காலமே அரக்கை உருக்கி ஊத்துனேன். கொஞ்ச நாள்ல அவன் ஊரை விட்டே போயிட்டான். எங்கன்னு நான் கேக்கல.

அதுக்குப் பொறவு? ஒண்ணுமில்ல. கிறிஸ்துமஸ் வந்தா இங்க பேக்கரில இருந்து ஒரு பையன் மக்ரூன் பொட்டலம் கொண்டாந்து கொடுப்பான். யாரு கொடுக்கச் சொன்னான்னா சொல்ல மாட்டான். எனக்கு மக்ரூன்னா உசிருன்னு வடிவை விட்டா ஒருத்தனுக்குத்தான் தெரியும். நான் தொட மாட்டேன். வடிவு தின்னுவா. அவளுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. வருஷா வருஷம் வந்திச்சு. போன கிறிஸ்துமஸுக்கு வரல. ஏன் வரலன்னு நான் யார்கிட்டயும் கேக்கல. வாசல்ல போய் ரெண்டு மூணு தடவ எட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்.

என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு? டீ ஒத்துக்கிடலையா? சரி, வாங்க. சீலைப் பாத்துக்கிட்டீங்கள்லா, ஒரு கீறல் இல்ல. உடைங்க. நான் இங்கன நிக்கேன். வடிவையும் கூப்பிடட்டா? வேண்டாம், அவ சிரிப்பா.

*

மெதுவா. ம். டார்ச்சை இப்படிப் பிடிங்க.

தூசி. பல்லி முட்டை. அந்தச் செவப்பு வயரு என்னது? எல்லா மிஷின்லயும் வாரதுதானா? நல்லாப் பாத்தீங்களா? அந்தப் பக்கம்? கீழ? காலுக்கு எட்டுத மாதிரி கீழதான் இருக்கும், கீழ பாருங்க. ஒண்ணும் இல்லையா?

இருங்க. அந்தப் பச்சைப் போர்டுக்கு அடியில சொருகி வச்சிருக்கே, அது என்னது? எடுங்க. சிகரெட் அட்டை. இஞ்ஞாசி குடிக்கிற சிகரெட்டு. வந்துட்டுல்லா. நான் சொன்னேம்லா, அவன் உள்ள கையை வச்சிருக்கான். இது என்ன வேலை செய்யும்? சொல்லுங்க, மூணாம் மனுஷனா சொல்லுங்க.

போர்டு ஆடாம இருக்கச் சொருகுனதா? யாராவது பட்டனை ரொம்ப ஓங்கி அடிச்சா போர்டு கழண்டுடுமா? அதுக்கு முட்டுக் கொடுத்ததா?

யாரு ஓங்கி அடிப்பா, நான்தான் ஓங்கி அடிப்பேன். வேற யாரு.

சரி. அட்டையைக் கீழ போடாதீங்க. இப்படிக் கொடுங்க. ஸ்விட்சு இல்லைன்னு இப்பவே சொல்லிடாதீங்க. எனக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாலயே கழட்டியிருப்பான். ஸ்குரூ டிரைவர் அவன் பையிலதானே இருந்திச்சு. 'தொறந்து பாரு'ன்னு அவ்வளவு தைரியமாச் சொன்னான்னா, கழட்டிட்டுத்தானே சொல்லியிருப்பான்? இல்லியா?

ஓடுமா இது? ஏதோ பார்ட்டு பையில கொண்டாந்திருக்கேன்னீங்களே, மாத்திப் பாருங்க. ஓடாத மிஷினை விக்க நான் என்ன ஏமாத்துக்காரனா? டோக்கன் இந்தா, பத்திரமா வச்சிருக்கேன். பின்பலகை தொறந்தே இருக்கட்டும். பின்னால யாரும் நிக்கக் கூடாது. நீங்களும் இங்க, எனக்குப் பக்கத்துல, என் கண்ணு பாக்கிற இடத்துல நில்லுங்க.

போடுங்க கரண்டை.

வந்துட்டு. ஏயப்பா, அதே மியூசிக்கு. நண்டு பாருங்க, நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கு. விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு தம்பி. வவ்வாலு இந்தா போச்சு. மரவட்டைக்கு வாலைத்தான் அடிக்கணும், தலையை அடிச்சா ரெண்டாயிடும். இதையும் இஞ்ஞாசிதான் கண்டுபிடிச்சான். போச்சு. இப்ப மூணு. கிரேனு ஆடுது பாருங்க. வாரான். காலு தெரியுது. இந்தா, இடுப்பு. இப்பப் பாருங்க எப்படி அடிக்கேன்னு, நீங்களே பாருங்க, என்னை எப்படி எறியுதான்னு...

நீங்க என்ன செய்யுதீங்க?

தலைல எதுக்குக் கையை வச்சீங்க? ரெண்டு கையையும். இறக்காதீங்க, அப்படியே நில்லுங்க. யாரு நீங்க? கோயம்புத்தூர்ல இருந்து பழைய மிஷினு வாங்க வந்தவனுக்கு இரும்பாண்டி வந்தா தலைல கை வைக்கணும்னு எப்படித் தெரியும்? நான் இப்பச் சொன்ன கதையைக் கேட்டு வைக்கல நீங்க. கதை கேட்டு வைக்கிறவன் சிரிச்சிட்டு வைப்பான். நீங்க யோசிக்காம வச்சீங்க. சின்னப் பிள்ளையில இருந்து வைக்கிறவன் வைக்கிற மாதிரி வச்சீங்க. எனக்கு அப்பவே தெரியும். விலை பேசாதவன், கஸ்டமர் பேரைச் சொல்லாதவன். யாரு அனுப்புனா உன்னை? சொல்லு.

என்ன? ஸ்கிரீனையா? பேச்சை மாத்தாதே. ஸ்கிரீன்ல என்ன இருக்கு?

நிக்கான்.

பக்கத்துல நிக்கான் தம்பி. முதுகைக் காட்டி நிக்கான். அந்த மீனு வருது பாருங்க, ரெண்டு தலை மீனு, அடிக்கான். நண்டு சும்மா நிக்குது, அவன்தான் அடிக்கான்.

யாரு அமுக்குனது? பின்னால யாரு? வடிவு, நீயா பின்னால? இல்லையே. பலகை தொறந்து கெடக்கு, செவுருதான் தெரியுது. உங்க கை ரெண்டும் தலைல இருக்கு. என் கை எங்க இருந்திச்சு? உங்களைக் காட்டிட்டு இருந்திச்சு. ரெண்டு கையுமா? ரெண்டும்தான். கோவத்துல எடுத்திட்டேன். நானா எடுக்கல. கோவத்துல எடுத்தாலும் நிப்பானா இவன்?

கையை இறக்கிக்கிடுங்க. இல்ல, இருக்கட்டும், அவன் போற வரைக்கும் இருக்கட்டும்.

*

இஞ்ஞாசி மவனா நீங்க.

மூக்கு அவன் மூக்குதான். வாசல்ல குனிஞ்சு வரும்போதே பாத்தேன், ஆனா மூக்கை வச்சு ஒருத்தனை முடிவு பண்ண முடியாதுல்லா. இஞ்ஞாசிதான் உங்க அப்பான்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் கதவைத் தொறந்திருக்க மாட்டேன்னா சொல்லுதீங்க? தொறந்திருக்க மாட்டேன், நெசந்தான்.

வீட்ல சண்டை வந்தா அவன் ரெண்டு கையையும் தலைல வச்சிட்டு நிப்பானா? உங்க அம்மா முன்னாலயா? நீங்க பிள்ளைகளும் வைப்பீங்களா? அப்ப சண்டை நின்னுடுமா? கோட்டிக்காரன். அவன் கிறுக்கு எப்பவும் அப்படித்தான்.

எப்ப இருந்து அவனுக்குப் பேச்சு வரல? போன கிறிஸ்துமஸுக்கு முன்னாலயா. வலது பக்கம் பூராவும் வாதமா. டாக்டர் என்ன சொல்லுதாரு? ம். நான் இங்க வாசல்ல எட்டி எட்டிப் பாக்கேன், அவன் அங்க ஆஸ்பத்திரியில கெடந்திருக்கான். எனக்கு ஒருத்தனும் சொல்லல. யாரு சொல்லுவா, நான்தான் யாரையும் உள்ள விடலையே.

பேச முடியாதவன் இந்த மிஷினு வேணும்னு எப்படிக் கேட்டான்? அவன் கேக்கலையா? நீங்களா வந்தீங்களா? டிவில எங்கயோ ஒரு பாட்டுல இந்த மியூசிக்கு மாதிரி ஒண்ணு கேட்டுட்டு, இடது கையைத் தூக்கித் தலைல வச்சானா. அதைப் பாத்துட்டு வந்தீங்களா.

சரி. அழாதீங்க. நான் அழல, தூசி. அம்புட்டு வருஷத் தூசி அதுக்குள்ள இருக்கு.

டிரைவரைக் கூப்பிடுங்க, ஏத்துவோம். அந்த மூலையைப் பிடிங்க, இதை நான் பிடிக்கேன். கயித்துல ரெண்டு முடிச்சுப் போடச் சொல்லுங்க. விலையா? விலையைப் பத்தி இப்ப யாரு கேட்டா? ஆனா ஒண்ணு. மிஷினை நான் உங்களை நம்பித் தனியா அனுப்ப மாட்டேன். மூணாம் மனுஷன்னு சொல்லிட்டு வந்து, இப்ப அவன் மவன்ங்கீங்க. வழியில என்ன செய்வீங்கன்னு எனக்கென்ன தெரியும்? நானும் வாரேன். முன் சீட்ல இடம் இருக்கா? இருக்கும்லா. வடிவு, என் சட்டை ரெண்டை மடிச்சு ஒரு பையில போடு. நான் கோயம்புத்தூர் போறேன். ஸ்டாண்டைப் பாத்துக்கோ. டோக்கன் இல்லாம எவனுக்கும் வண்டியைக் கொடுத்திராத. போற வழியில மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிக்கிடணும். அவன் திம்பானா இப்ப? கொஞ்சமாத் திம்பானா.

அந்தச் சிகரெட் அட்டை என் பையிலதான் இருக்கு. இருக்கட்டும்.

தம்பி, ஒண்ணு கேக்கேன். அவனுக்குக் காது நல்லாக் கேக்கும்லா? சொன்னாப் புரியும்லா? சரி. நான் போய் அவன்கிட்ட, எலே இஞ்ஞாசி, நான் கையை எடுத்தேம்டே, இரும்பாண்டி பக்கத்துல வந்து நின்னுட்டாம்டேன்னு சொன்னா, அவன் நம்புவானா?

நம்ப மாட்டான். நானா இருந்தா நம்ப மாட்டேன்.

நீங்க பக்கத்துல நின்னீங்க, உங்க கண்ணால பாத்தீங்க. நீங்கதான் அவன்கிட்டச் சொல்லணும். நான் கையை எடுத்தேன்னு மட்டும் சொல்லுங்க.